அழுத்தத் தெரியாத விரல்கள்

எங்கள் வீட்டில் மணி கேட்டால் இரண்டு பதில் வரும். சுவர்க் கடிகாரம் பினாங்கு நேரத்தைக் காட்டும். என் மடிக்கணினி அதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கி, சென்னையில் வாங்கிய நாளிலிருந்து இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மாற்றத் தெரியாமல் இல்லை. துபாயிலும் மாற்றவில்லை, சிங்கப்பூரிலும் மாற்றவில்லை, இங்கேயும் கை வரவில்லை. அது விழித்தெழ எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு கதை. பொத்தானைத் தட்டிவிட்டு அரிசி களைந்து குக்கரில் போட்டால், சோறு வேகும்போது அதுவும் கண் திறக்கும். என் மனைவி ரீட்டா பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "என்னங்க, எதை முதல்ல தட்டினீங்க? குக்கரா, கம்ப்யூட்டரா?"

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். யாரும் நிறுத்தவில்லை, ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். துபாயில் கம்பி கட்டினேன். சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தேன். துபாய் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு. என் தட்டில் பாதியை இந்த மடிக்கணினி அடைத்துக்கொண்டிருக்கும். பழையதாகத்தான் வாங்கினேன். கண்ட இடமெல்லாம் மாறினாலும், மூடியைத் திறந்தால் அதே விசைப்பலகை, தேய்ந்துபோன அதே எழுத்துகள். ஊரிலிருந்து வந்து என்னோடு மிஞ்சிய பொருள் அது ஒன்றுதான். பினாங்குக்கு மூன்று நாள் சுற்றிப் பார்க்க வந்தேன். லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில் கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்தேன். தைத்தவள் ரீட்டா. மூன்று நாள் இப்படித்தான் ஏழு வருடமானது.

இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஜார்ஜ் டவுனிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து பாலம் தாண்டி அழைத்துப் போகும். நாங்கள் செய்வது கணினியின் நினைவகமான ரேம் அட்டைகள். விரல் நீளத்தில் பச்சைப் பலகை, ஓரத்தில் தங்க நிறப் பற்கள். கண் மட்டும் தெரியும் வெள்ளை உடை, கையுறை, மணிக்கட்டில் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் பட்டை என்று தயாராகி, அட்டையை ஓரம் பிடித்து எடுத்து, பார்த்து, தட்டில் வைப்பேன். பூவைத் தொடுவது போலத் தொட வேண்டும். பக்கத்து மேசையில் இருந்த நேப்பாளி நண்பன் ஒருநாள் அவசரத்தில் ஒரு அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டான். மறுநாள் கையில் எச்சரிக்கைக் கடிதம். நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் அட்டைகள் என் விரல் வழியாகப் போயிருக்குமோ தெரியாது. ஒன்றுகூடக் கணினிக்குள் போய் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை.

இந்த வருடம் தொழிற்சாலை ஒரு கதவைத் திறந்தது. டெக்னீஷியன் வேலைக்குச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்; ஒரு தேர்வு எழுதினால் போதும். கேமராவுக்கு முன்னால், வீட்டுக் கணினியிலேயே, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் எழுதி முடிக்க வேண்டும். தேறினால் தட்டு மேசையிலிருந்து பழுது பார்க்கும் மேசைக்குப் போகலாம். தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாரும் சொல்லவில்லை. பள்ளியை விட்ட பிறகு யாரும் என்னைப் பரீட்சைக்குக் கூப்பிட்டதில்லை. அதனால் வேலையைவிடப் பரீட்சை மேலேயே ஆசை வந்துவிட்டது. தேர்வு மென்பொருளை ஏற்றினேன். நினைவகம் போதாது, வட்டு மிக மெதுவானது என்று சொல்லி மூடிக்கொண்டது. கைப்பேசியில் அது வேலை செய்யாது. வீட்டில் இருக்கும் கணினி இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயதுச் சீனர். தடுப்பு மேசையில் ஒரு ரேம் அட்டையையும், பழைய வட்டுக்கு மாற்றாகப் புது எஸ்எஸ்டியையும் வைத்தார். இங்கே பொருள் வாங்கினால் அங்கேயே பொருத்திக் கொடுப்பார்கள், நம் கண் முன்னாலேயே. அவர் திருப்புளியை எடுத்தார். நான் தடுத்தேன். எனக்குத் தெரிந்த மலாயில், "தவுக்கே, சாயா கிலாங்," என்றேன். முதலாளி, நான் இதைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் காதில் "நான் தொழிற்சாலை" என்றுதான் விழுந்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மேசையில் ஊன்றி, "தெக்கான் குவாட் குவாட் ஆ," என்றார். பலமாக அழுத்து என்கிறார். கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு வந்தேன். இருபது வருடம் கடை வைத்திருந்தால் என்ன, தொழிற்சாலைக்குள் நின்றவனுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை முழுக்க, கடைக்காரர் தந்த கம்பி வழியாகப் பழைய வட்டில் இருந்ததெல்லாம் புதியதற்குப் படியெடுத்தேன். துபாய் அறை நண்பர்களின் படங்கள், கப்பல் பட்டறைக் காலத்துச் சம்பளச் சீட்டுகள், நான் எழுதி யாருக்கும் காட்டாத கட்டுரைகள், எல்லாம் ஒவ்வொன்றாகக் குடிபெயர்ந்தன. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, முதுகுத் திருகுகளை எடுத்தேன். வட்டை மாற்றுவது எளிதாக முடிந்தது. உள்ளே ரேமுக்கு இரண்டு இடங்கள். ஒன்றில் பழைய அட்டை, மற்றது காலி. பழையதை வெளியே எடுத்துப் பற்களை மட்டும் பஞ்சால் துடைத்தேன். பிறகு பழையதையும் புதியதையும், தட்டில் வைப்பது போலவே, ஓரம் பிடித்து அலுங்காமல் வைத்தேன். மூடினேன். பேட்டரியை மாட்டிப் பொத்தானைத் தட்டினேன்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி தட்டினேன். அதே கறுப்பு. சுவரில் மணி மூன்றரை.

ரீட்டா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? செத்துப் போச்சா?"

"கொன்னுட்டேன் போல."

"கடைக்கார தவுக்கே ஒண்ணும் சொல்லலியா?"

"பலமா அழுத்தச் சொன்னாரு."

"அழுத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அழுத்தினா லெட்டர் கொடுப்பாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "யாருலா லெட்டர் கொடுக்கப் போறா? நானா? இது கிலாங் இல்லங்க, வீடு. தள்ளுங்க." பேட்டரியை மறுபடி கழற்றிக் கொடுத்தேன். அழுத்திப் பார்க்க நானே விரலைக் கொண்டுபோனேன். அட்டையைத் தொட்டதும் விரல் தானாக லேசாகிவிட்டது. நான்கு வருடம் பழக்கிய விரல். "தையல் மெஷின்ல பாபின் மாட்டுற மாதிரிதான்," என்றாள் ரீட்டா. "சத்தம் கேக்காம மாட்டித் தைச்சா நூலு அறுந்துடும். சத்தம் கேக்கணும்." புது அட்டையைப் பள்ளத்துக்குள் தள்ளி, கட்டைவிரலால் ஒரே அழுத்து அழுத்தினாள். டக். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பழையதை எடுத்தவள், தன் பாவாடையில் தேய்த்து அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டின் தூசியைத் துடைத்தாள். கண்ணருகே கொண்டுபோனாள். "இது ஊர்லேருந்து கொண்டாந்ததுனு சொன்னீங்க?"

"சென்னையில வாங்கினது."

"மேட் இன் மலேசியானு போட்டிருக்குலா."

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. தினமும் நூற்றுக்கணக்கில் நான் சரிபார்க்கும் அதே வாசகம். இந்த நாட்டில் பிறந்து, கடல் தாண்டிச் சென்னைக்குப் போய், அங்கே ஒரு பழைய கணினிக்குள் உட்கார்ந்து, என்னோடு துபாய் வெயிலையும் சிங்கப்பூர் மழையையும் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வீடு திரும்பியிருக்கிறது. ஊரின் நினைவாக நான் சுமந்தது, இந்த ஊர்ப் பிள்ளை. ரீட்டா அதை வாங்கி, தன் பங்குக்கு இன்னொரு டக் போட்டாள்.

மூடி, பேட்டரியை மாட்டித் தட்டினேன்; இந்த முறை திரை உடனே வந்தது. அரிசி டப்பாவைத் திறக்கக்கூட நேரமில்லை. தேர்வு மென்பொருள் மறுபேச்சில்லாமல் திறந்தது. நாற்பது கேள்விகள், சிலவற்றுக்கு விடை நிச்சயமாகத் தெரியும், சிலவற்றுக்குத் தட்டு மேசை அனுபவம் கைகொடுத்தது, சிலவற்றுக்கு மனதுக்குத் தோன்றியதைத் தட்டினேன். ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். புதன்கிழமை பதில் வந்தது. தேறிவிட்டேன், கடைசி ஆட்களில் ஒருவனாக. வரும் மாதம் பழுது மேசை. அங்கே முதல் நாளே அழுத்தச் சொல்வார்களாம்.

சனிக்கிழமை கடைக்காரரிடம் போய்க் கட்டைவிரலைக் காட்டினேன். அவர் சிரித்தார், அதற்கு மொழி தேவைப்படவில்லை.

"எல்லாம் புதுசாச்சு, அந்தக் கடிகாரத்தையும் மாத்திடுங்களேன்," என்றாள் ரீட்டா அன்று மாலை. வட்டை அப்படியே படியெடுத்ததால் பழைய நேரமும் கூடவே வந்திருந்தது. நேர அமைப்பைத் திறந்தேன். பட்டியலில் சென்னையும் இருந்தது, கோலாலம்பூரும் இருந்தது. அம்புக்குறியை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே இரண்டு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று உலகம் சுற்றி வந்தது, மற்றது கடையிலிருந்து நேராக இங்கே வந்தது. கணினி எது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது. எதையும் மாற்றாமல் அமைப்பை மூடினேன். சுவரில் மணி எட்டு. என் மடியில் இன்னும் ஐந்தரை, ஊரில் வெளிச்சம் போகவில்லை. ரீட்டா சாப்பிடக் கூப்பிட்டாள். பசித்தது.