கொழுந்தனார் பெயரில் போன என் வேலை

எங்கள் பக்கத்து டவுன் பஸ் நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றைப் பலர் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் எழுதி வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமையானால் கங்கைகொண்ட சோழபுரம் வண்டி மட்டும் அதில் காணாமல் போய்விடும். எரிச்சல் தாங்காமல் கொழுந்தனாரின் லேப்டாப்பை வாங்கி நானே சரிசெய்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் செயலியில் பங்களித்தவர்கள் பக்கத்தில் வந்தது அவர் பெயர். லேப்டாப்பில் இருந்தது அவர் கணக்கு ஆயிற்றே. போகட்டும் என்று இருந்தாலும் உள்ளுக்குள் உறுத்தியது.

பெயரைப் பார்த்த கொழுந்தனார் விடவில்லை. "நான் ஒரு வரிகூட எழுதல அண்ணி. எனக்கெதுக்கு இந்தப் பேரு?" என்று அந்தக் குழுவுக்கே எழுதிவிட்டார். முகம் தெரியாத ஒருவர் அன்றே பதில் போட்டார்: "தப்புதாங்க. உங்க அண்ணி பேரை எப்படிப் போடணும், சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் என் மாமியார் போனை நீட்டினார். "இது எங்க மருமவ பேரு."

அந்தப் பெண் நேரத்தைப் பார்த்தார். "இப்ப வரும்னு போட்டிருக்கு, பஸ்ஸக் காணோமே?"

"பஸ்ஸு எப்ப வேணா வரட்டுங்க. பேரு வந்துருச்சுல்ல."

எந்தப் பஸ்ஸுக்கும் நான் அவ்வளவு சந்தோஷமாகக் காத்திருந்ததில்லை.