மொட்டையன் சாமியான வருஷம்

எங்கள் மாமாவுக்குப் பாறை ஏறுகிற வியாதி இருந்தது. வியாதி என்று பெயர் வைத்தது அம்மா. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று அவர் ஒருவர்தான். எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கிற ஒரு மில்லுக்குச் சைக்கிளில் போய்வந்தார். வாரம் பூராவும் தூசியைத் தின்று இருமுவார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. மற்ற ஆட்கள் சினிமாவுக்குப் போவார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். மாமா ஏரிக்கு அந்தண்டை இருந்த பாறைகளுக்குப் போவார்.

எதற்கு என்றுதான் யாருக்கும் தெரியாது. மேலே தேன்கூடு இல்லை, சுனை இல்லை, விறகு இல்லை. ஏறுவார், உச்சியில் கொஞ்ச நேரம் காற்று வாங்குவார், இறங்குவார். மறுபடி ஏறுவார். கயிறு கிடையாது, ஏணி கிடையாது; கைவிரலும் கால் பெருவிரலும்தான். அவருடன் இரண்டு பேர். ஒருவர் சைக்கிள் கடைக்காரர். தொப்பை இருந்தாலும் பாறையில் ஒட்டிக்கொண்டால் விழ மாட்டார். இன்னொருவர் மாமாவின் மில்லிலேயே மூட்டை தூக்குகிறவர், காலனிக்காரர். நான் அவரை அண்ணன் என்பேன். மூன்று பேரில் அவர்தான் கெட்டி. ஊருக்குள் எதிர்ப்பட்டால் மாமாவிடம் "வர்றேங்க" என்று சொல்லி ஒதுங்கிப் போகிறவர், பாறைக்கு வந்துவிட்டால், "எடது கால தூக்குடா, இன்னாடா பாத்துக்கினு கீற" என்று அதட்டுவார். மாமாவும் சொன்னபடி தூக்குவார். ஊரில் இவர்களுக்குப் பல்லி செட்டு என்று பெயர்.

பாறை சும்மா கிடப்பதுதானே, அதற்கு என்ன வேலை என்று தோன்றும். இவர்களுக்கு ஏறுகிற நேரத்தைவிட அந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம் போகும். மழைக்காலம் முடிந்ததும் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பார்கள். அடியில் முள்ளையும் கல்லையும் பொறுக்கிவிட்டு, ஏரி மணலைக் கூடையில் கொண்டுவந்து கொட்டி, விழுந்தால் கால் ஒடியாமல் இருக்க அதன்மேல் வைக்கோல் பரப்புவார்கள். மேய வருகிற மாடுகள் அதைத் தின்றுவிட்டுப் போகும், மறுபடி பரப்புவார்கள். புடைத்த இடங்களை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தால் அந்தச் சில்லை நெம்பி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் ஆளோடு சேர்ந்து வந்துவிடும். அங்கே ஒரு மில் சாக்கு கிடக்கும். அதில் காலைத் துடைக்காமல் யாரும் பாறையில் கால் வைக்கக் கூடாது. மண் காலோடு ஏறினால் பிடி வழவழத்துப் போகுமாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் ஞாயிற்றுக்கிழமை பாறையைத் தொடக் கூடாது என்று வேறு சட்டம். எட்டாத ஓர் இடத்தில் உளியால் சின்னதாக ஒரு குழி போட்டுக்கொள்ளலாமே என்று சைக்கிள் கடைக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். மற்ற இருவரும் வெகுநாள் அவரோடு பேசவில்லை.

என்னை அம்மா அங்கே காவலுக்கு அனுப்புவாள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மேல்வகுப்புக்குத் திண்டிவனம் போகவேண்டும். வழியில் லாரி வரும், ரயில்வே கேட் வரும் என்று நானே அழுது நின்றுகொண்டேன். அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியைப் பிடித்துத்தான், "அவன் மொட்டையன் மேல கைய வெச்சான்னா ஜல்தியா ஓடியா" என்று சொல்லி அனுப்பினாள்.

மொட்டையன் அங்கிருந்த பாறைகளில் பெரியது. ஒரு கூரை வீட்டின்மேல் இன்னொரு கூரை வீட்டைத் தூக்கி வைத்த உயரம். ஆமை, அம்மிக்கல், கோணவாயன் என்று மற்றவற்றுக்கும் பெயர் உண்டு. எல்லாம் பல்லி செட்டு வைத்ததுதான். ஆமை மேல் என்னையும் ஒருமுறை ஏற்றிவிட்டார்கள். மேலே போனதும், இனி வாழ்நாள் பூராவும் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று நினைத்து அழுதேன். அண்ணன் தோளில் வைத்து இறக்கினார். மொட்டையன் மேல் மாமா ஏறும்போது நான் பார்க்கமாட்டேன், பார்க்காமலும் இருக்கமாட்டேன். விரல் சந்து வழியாகப் பார்ப்பேன். மாமா விழுவார், பாறையே உருளும், தேள் கொட்டும், நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் வழியில் என்னை நாய் கடிக்கும் என்று வரிசையாகத் தோன்றும். ஒருநாளும் எதுவும் நடக்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சொல்லி அம்மா வந்து சேரும்போது மாமா கீழே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பார். "ஒன்னால எனக்கு ஒரே பேஜாருடா" என்று அவர் முதுகில் ஒன்று வைப்பாள்.

அந்த வருஷம் பெரிய ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஜல்லிக்குக் கல் வேண்டுமென்று ஒரு காண்டிராக்டர் எங்கள் ஏரிப் பாறைகளைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். முதலில் கோணவாயனுக்கு வெடி வைத்தார்கள். எங்கள் வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் கூண்டைவிட்டு வரவில்லை. மாமா கேப்பைக் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் காண்டிராக்டரின் மேஸ்திரியிடம் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர், நல்ல ஆகிருதி.

"இதெல்லாம் நாங்க ஏறுற பாறைங்க மேஸ்திரி," என்றார் மாமா.

"ஏறி இன்னாத்தப் பறிப்பீங்க?"

"ஒண்ணும் பறிக்கறதில்ல. ஏறுவோம்."

மேஸ்திரி கல் உடைக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். "எல்லாத்தையும் ஒடச்சி ரோட்டுல போட்டுர்றோம். அப்பறம் ஏறாமலே அதுமேல நடந்து போலாம் நீங்க."

ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணத்திடமும் போய்ப் பார்த்தார்கள். அவர் நல்ல மனுஷர், உட்காரவைத்துத்தான் சொன்னார். "புறம்போக்குல கோயிலுன்னா உடுவாங்க, சுடுகாடுன்னா உடுவாங்க. நீங்க ஏறி எறங்கறத நான் இன்னான்னுப்பா எழுதறது?"

மறுவாரம் மொட்டையன் முறை. வெடிக்குக் குழி போடவேண்டிய இடங்களில் சுண்ணாம்பால் புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெடி வைக்கிற அன்று காலை நான் எழுந்தபோது மாமா கிணற்றடியில் செங்கல் பொடியால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் போகவே இல்லை. என்னைப் பார்த்ததும், "யார்னா கேட்டா மாமாவுக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லு" என்றார்.

கேட்க யாருக்கும் நேரமில்லை. ஊரே ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மொட்டையன் மார்பளவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, நடுவில் தட்டளவு குங்குமப் பொட்டோடு நின்றது. அடியில் மூன்று செங்கல், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிவப்புத் துணி. கல் உடைக்கிறவர்கள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். "இதுல நான் அடிக்கமாட்டேங்க" என்று அவர்களில் மூத்தவர் மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி திட்டவில்லை. செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு வந்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். பாறையில் ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அம்மா தேய்த்துக் குளிக்க அரைத்து வைக்கிற மஞ்சளில் வாசனைக்குப் பூலாங்கிழங்கு சேர்ப்பாள். எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிச் சேர்ப்பதில்லை. திரும்பி மாமாவைத் தேடினாள். மாமா சைக்கிள் கடைக்காரரின் தொப்பைக்குப் பின்னால் நின்றிருந்தார். அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு விழுந்து கும்பிட்டாள். ஊரில் மொட்டையனை முதன்முதலாகக் கும்பிட்டது அவள்தான். அவளுக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

நான் அன்றிரவு தூங்கவில்லை. இல்லாத சாமியை இருக்கிறதாகச் சொன்னால், இருக்கிற சாமிகள் சும்மா விடுமா? மாமாவின் கண்ணைத்தான் குத்தும், அதுவும் வலது கண்ணை என்று நானாகவே முடிவுகட்டி, காலையில் எழுந்ததும் போய் அவர் கண்ணைப் பார்த்தேன்.

கண் நன்றாகத்தான் இருந்தது. மற்றது எதுவும் மாமா நினைத்தபடி இல்லை. பொட்டு வைத்தால் பாறை தப்பிக்கும், ரோட்டு வேலை முடிந்ததும் ஒரு மழையில் மஞ்சள் கரைந்துபோகும், பிறகு பழையபடி ஏறலாம் என்று அவர்கள் மூன்று பேரும் கணக்குப் போட்டிருந்தார்கள். மேஸ்திரிக்குப் பிள்ளை இல்லாத குறை இருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மொட்டையனிடம் வேண்டிக்கொண்டு போனார். ரோட்டு வேலை முடிவதற்குள் அவர் மனைவி முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. ஒரு பெரிய மணியை வண்டியில் கொண்டுவந்து கட்டினார். அதன் பிறகு கேட்கவேண்டுமா? வானூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். பிடி என்று மாமா தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த இடங்களிலெல்லாம் அகல்விளக்கு ஏற்றினார்கள். எண்ணெய் வழிந்து மொட்டையன் கறுத்துப் பளபளத்தது. பெயர்கூட மொட்டை முனியப்பன் ஆகிவிட்டது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து மாமா சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு போய்க் கைவைத்தார். இரண்டாள் உயரம் போயிருப்பார். பால் குடத்தோடு வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண்களோடு அம்மாவும் இருந்தாள். அவர்கள் போட்ட சத்தத்துக்கு நடுவே அம்மா மட்டும் மெதுவான குரலில், "சாமி தலமேல கால வெக்காத. எறங்கு" என்றாள். மாமா அப்படியே ஒட்டிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். இது சாமி இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த ரோட்டுக்கு மொட்டையன் ஜல்லியாகிப் போயிருக்கும். சொல்லாவிட்டால் இனி ஏற முடியாது. கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். அம்மா அன்று அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பாறையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது; அந்த வயதிலேயே எப்படித் தெரிந்தது என்றுதான் இப்போது யோசிக்கிறேன். அண்ணன் வெளியே நின்றார். அவர் பாசி தேய்த்த பாறை, அவர் கொட்டிய மணல். மாமாவை, புதிதாக வந்திருந்த பூசாரி உள்ளே கூப்பிட்டார். "இருக்கட்டுங்க, இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது" என்று சொல்லி மாமாவும் வெளியிலேயே நின்றுவிட்டார். சாமி தலையில் கால் வைத்தவனுக்குப் பயம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். நல்ல வெயில். பூசை முடிந்து அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, திருநீற்றோடு கயிற்றைத் தாண்டி வெளியே வந்தாள். மாமாவும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரம் கும்பிட்டு நான் யாரையும் பார்த்ததில்லை. கண்ணை மூடவில்லை. மொட்டையனின் அடியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஓர் இடத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி மேலே என்று பார்த்துக்கொண்டே போனார்கள். கூப்பிய கைகளில் விரல்கள் மட்டும் சும்மா இல்லை. ஒவ்வொன்றாக மடங்கின, எதையோ பற்றின, விட்டன. மாமாவின் இடது குதிகால் தரையைவிட்டுக் கிளம்பிக் கிளம்பி அடங்கியது. பக்தி முற்றினால் இப்படித்தான் ஆகும், அடுத்தது சாமி வந்து ஆடப்போகிறார்கள் என்று பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கூப்பிடவில்லை. காலைச் சுடுகிற மணலில் நின்று காத்திருந்தாள். மாமாவின் பார்வை உச்சிவரை போய், அங்கே கொஞ்சம் இருந்து, போன வழியாகவே மெல்லக் கீழே வந்து சேர்ந்த பிறகுதான், "எறங்கியாச்சா?" என்று கேட்டாள்.

"உம்," என்றார் மாமா. அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

"ஒங்க தம்பி எறங்கிட்டாரும்மா," என்றார் அண்ணன், கையை எடுக்காமலே. "நான் இன்னும் மேலதான் குந்திக்கினு கீறேன்."

நான் மொட்டையன் உச்சியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அம்மா மட்டும், யாரோ இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்து, "சரிப்பா, பொறுமையா எறங்கி வா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.