விரலால் நிறுத்திய மோட்டார்

கார் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வீடியோ திரை தானாக எழுந்து மடங்க வேண்டும். அதை நானே செய்ய ஆசைப்பட்டு, அம்பத்தூரில் ஒரு பழைய உதிரிபாகக் கடைக்கு மோட்டார் தேடிப் போனேன். கடைக்காரர் சின்ன மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, சுழலும் தண்டை இரண்டு விரலால் பிடித்தார். நின்றுவிட்டது.

"இத்த எடுத்துக்கோ சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு சுவிட்சு வெச்சுக்கோ, திரை வந்து தொட்டதும் நின்னுடும்."

பிடித்தால் நிற்கிற மோட்டாரை யார் வாங்குவார்? விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஊட்ல சின்னப் பசங்க கீறாங்களா?"

என் வீட்டு விவரம் இவருக்கு எதற்கு? பதில் சொல்லாமல் வெளியேறி, வேறு கடையில் கார்க் கண்ணாடி ஏற்றும் முரட்டு மோட்டாரை வாங்கினேன்.

திரை அழகாகத்தான் எழுந்தது. மடங்கும்போது, பக்கத்தில் இருந்த மகள் திரையின் இடுக்கில் பென்சிலை நீட்டினாள். மோட்டார் தயங்கவே இல்லை. முறிந்த பென்சிலின் மிச்சம் அவள் விரல் நுனியில் இருந்தது.

மறுநாள் பழைய கடைக்கே போய், "அந்தச் சின்ன மோட்டார்..." என்றேன்.

"யாருக்கு சார் அடிபட்டுச்சி?"

"யாருக்கும் இல்லை."

அவர் அதை ஓடவிட்டார். இந்த முறை நான் பிடித்தேன். வலிக்காமல் நின்றது. அன்று சந்தேகப்பட்டு விழுங்கிய பதிலை அப்போதுதான் சொன்னேன்:

"ஒரு பொண்ணு. அஞ்சு வயசு."