பூக்கட்டிப் பார்த்துத் தேர்ந்த தாதியர் கல்லூரி

முத்தாய் எழுந்து வருத்துபவளும், வேப்பிலையாய் இருந்து ஆற்றுபவளுமாகிய மாரியன்னையின் மலரடியைத் தலைமேற்கொண்டு, பொய்யை விற்போர் வாய் அடங்கவும் மெய்யைத் தேடும் பிள்ளைகளின் வழி துலங்கவும் வேண்டி, ஆடிப்பூரத் திருநாளாகிய இன்று இக்குறிப்பைத் தொடங்குகிறேன். அன்னைக்கு வளையல் சாத்தும் நன்னாளில் சினத்தோடு எழுதலாமோ என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். எழுதலாம் என்றே தோன்றியது. அவள் கையிலும் சூலம் இருக்கிறது.

மலையகத்து அரச மருத்துவமனைகளில் தாதியாகவும், பின்னர் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தாதியாக விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படிக்கவேண்டும்.

பொம்மையில் பழகிய கை

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர், கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூச்சுத்திணறலோடு ஓர் அம்மாள் என் வார்டுக்கு வந்தார். கொழுந்து பறிக்கும் தொழிலாளி. மகள் யோகேஸ்வரி வெள்ளைச் சீருடையிலேயே துணைக்கு வந்திருந்தாள். ஹட்டன் பஜாரில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் படித்து முடித்தவள். "எம் மக நர்ஸு" என்று அந்த அம்மாள் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் திணறலுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் அவருக்குத் திணறல் மிகுந்தது. அந்நேரம் நான் வேறொரு நோயாளிக்கு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து ஒட்சிசன் மாஸ்க்கைப் போடும்படி யோகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் மாஸ்க்கைக் கையில் வைத்தபடி நின்றாள். அம்மாவின் முகத்தருகே கொண்டுபோய், மறுபடி பின்னுக்கு இழுத்தாள்.

"மிஸ்ஸி, நாங்க பொம்மைக்குத்தான் போட்டிருக்கோம்," என்றாள்.

ஓடிச்சென்று நானே போட்டேன். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆயினும் மகள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. வீடு செல்லும் நாள்வரை "எம் மக நர்ஸு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை. அன்று மூண்ட சினம் இன்றும் தணியவில்லை.

தேருக்குப் பின்னால் வெள்ளைச் சீருடை

அக்கல்லூரி விளம்பரம் செய்யும் முறை தனியானது. தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் ஒலிபெருக்கிச் செலவை ஏற்றுக்கொண்டு, தேரில் தன் பேனரைக் கட்டும். தேருக்குப் பின்னால் மாணவிகளை வெள்ளைச் சீருடையில் வரிசையாக நடக்கவைக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கல்லூரியின் பெயர் மலையெங்கும் ஒலிக்கும். பக்தி பாடுவதற்கென்று கட்டிய குழாயில் வியாபாரம் பாடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் தேங்காயும் கர்ப்பூரமுமாக நிற்கும் தாய்மார்கள் சுவாமியைக் கும்பிட்ட கையோடு அந்தச் சீருடையையும் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள்.

மருதமுத்து எங்கள் பகுதித் தோட்டமொன்றில் கோயில் கமிட்டித் தலைவர். அவருடைய மகள் கௌசல்யா விஞ்ஞானப் பிரிவில் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்தவள். ஒரு தோட்டத்துப் பிள்ளை அந்தப் பிரிவில் படிக்க எத்தனை பஸ் ஏறி இறங்கவேண்டும் என்பது நம்மவர்க்குத் தெரியும். அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அவளுக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் அரசிதழாகிய வர்த்தமானியில் அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவேண்டும். புடவைக் கடை மாடியிலோ அடுத்த வாரமே வகுப்பு.

மருதமுத்து அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ என்றால் அரச கல்லூரி, சிவப்புப் பூ என்றால் பஜார்க் கல்லூரி. இரண்டையும் வெவ்வேறு பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்வைத்து, ஒரு சிறுபிள்ளையை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது. பிரசாதத்தோடு என் வீட்டுக்கு வந்து, "அம்மா உத்தரவு குடுத்துட்டா மிஸ்ஸி" என்றார்.

நாள்தோறும் பதிகம் பாடாமல் வாயில் நீர் ஊற்றாதவள் நான். எனக்கே அந்த உத்தரவை ஏற்க மனம் வரவில்லை. ஆயினும், சேரும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்போம், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வரவேற்பு மேசை

மருதமுத்துவும் கௌசல்யாவும் நானும் மாடிப்படி ஏறியதும் ஒரு பெரிய பேனர் தொங்கியது. 'எமது தலைசிறந்த மாணவி, இன்று ஒரு தாதி' என்ற எழுத்துகளின் கீழே யோகேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நேர் கீழே, வரவேற்பு மேசையிலும் அவளே இருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

டைரக்டர் டை கட்டிய இளைஞர். மாணவிகள் எந்த ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டி பழகுகிறார்கள் என்று கேட்டேன்.

"எங்ககிட்டயே ஃபுல் செட்டப்போட லேப் இருக்குங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா புள்ளைங்களுக்குக் கிருமி தொத்தும்னு பேரன்ட்ஸ் பயப்படுறாங்க."

கிருமிக்கு அஞ்சும் தாதியர் கல்லூரியை நான் அன்றுதான் கண்டேன். படிப்பை முடித்தவர்களை மருத்துவப் பேரவை தாதியாகப் பதிவு செய்யுமா என்று அடுத்துக் கேட்டேன். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றார். யோகேஸ்வரி சேர்ந்த காலத்திலும் அந்தப் பேச்சுத்தான் நடந்திருக்கவேண்டும்.

அதுவரை வாய் திறவாதிருந்த மருதமுத்து பேனரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் படத்துல உள்ள புள்ள நீதானே? எந்த ஆஸ்பத்திரியில வேலை செய்யிற?"

டைரக்டர் முந்திக்கொண்டு ஏதோ சொல்லவந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இங்கதான் மாமா. இந்த மேசையில."

கௌசல்யா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

உத்தரவு

பஸ் ஏறி உட்கார்ந்த பின்னும் மருதமுத்துவின் கலக்கம் தீரவில்லை. "அம்மா சொன்னத மீறினா புள்ளைக்கு ஆகுமா மிஸ்ஸி?" என்றார்.

அடக்கிவைத்திருந்தது அப்போது வெடித்தது. "தம்பி, பாக்கிறதுக்குக் கண்ணும் கேக்கிறதுக்கு வாயும் அம்மா ஒங்களுக்குக் குடுத்திருக்கா. படியேறி ரெண்டு கேள்வி கேக்கிற வேலைய அவ தலையில போட்டீங்க. அவன் பொய்யச் சொல்வான், நீங்க விசாரிக்க மாட்டீங்க, பழிய மட்டும் அவ சொமக்கணுமா?"

ஜன்னலோரம் இருந்த கௌசல்யா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மன்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?"

மறுநாள் மருதமுத்து அம்மனுக்குப் பாலபிஷேகம் செய்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, வர்த்தமானி எப்போது வரும் என்று கேட்டார். அறிவித்தல் வந்தபோது விண்ணப்பத்தில் என் வீட்டு விலாசத்தையே போடச் சொன்னேன். தோட்டத்தாருக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும்; அங்கிருந்து லயத்துக்கு எப்போது வந்துசேரும் என்பதற்கு இன்றுவரை உறுதியில்லை. இதுவும் என் சினத்தில் ஒரு பங்கு.

கௌசல்யா காத்திருந்தாள், தெரிவானாள், இப்போது அரச கல்லூரியில் இருக்கிறாள். வார்டில் முதன்முதலாக ஒரு முதியவரை நிமிர்த்தி உட்காரவைத்த அன்று, அவருடைய பாரம் தன் தோளில் இன்னும் இருப்பதுபோல் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னாள். பொம்மைக்கு அந்தப் பாரம் இல்லை.

மருதமுத்துவின் கோயில் தேரில் இவ்வாண்டு அந்தப் பேனர் இல்லை. பக்கத்துத் தோட்டத் தேரில் இருக்கிறது. அதில் யோகேஸ்வரி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே பெற்றோரே, கல்லூரியில் சேர்க்கும் முன் மாடிப்படி ஏறிக் கேளுங்கள்: பிள்ளை எந்த வார்டில் நின்று பழகும், யார் அதைத் தாதியெனப் பதிவு செய்வார், முன்பு படித்துப்போன பிள்ளைகள் இன்று எங்கே நிற்கிறார்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள். அதன் பிறகு அம்மனுக்குப் பூச் சாத்துங்கள், கட்டாத பூவாக.

இதைப் படிக்கும் எல்லோர் வீட்டிலும் நோய் விலகட்டும். நோய் வந்த வீட்டில் மனிதரைத் தொட்டுப் பழகிய கை ஒன்று துணை நிற்கட்டும். ஏமாந்து நிற்கும் யோகேஸ்வரிகளுக்கும் மாரியன்னை ஒரு வழி திறக்கட்டும். அனைவரும் நலம் பெற்று வாழ்க.