கடைசி ஊருக்கு முதல் போன்

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், 2.10க்கு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். என் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பயணத் திட்டம் போடுகிறவள். ஊருக்கெல்லாம் டூர் போடுகிறவளுக்கு வீட்டுக்கு ஒன்று போடத் துப்பில்லையா என்று மாமியார் ஒரு வருஷமாகக் குத்திக்கொண்டே இருந்தார். சரி, தொலையட்டும் என்று ஒரு கடலோர மாநிலத்துக்குத் திட்டம் போட்டேன். நாலு ஊர், நாலு நாள், நாலு பேர். நான், கணவர், அத்தை, நாத்தனார். போட்ட நாளிலிருந்து வீட்டில் ரகளை. முதல் ஊரில் கடற்கரை ஓட்டல். மணல் ஒட்டும் என்றாள் நாத்தனார். இரண்டாவது மலை உச்சி. மூச்சு வாங்கும் என்றார் அத்தை. மூன்றாவது படகு வீடு. ஆடுமே என்றார் கணவர். நாலாவது, கலங்கரை விளக்கத்தை ஒட்டிய விடுதி. அதற்கு மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. எட்டாவது முறையாகத் திட்டத்தை மாற்றியபோது எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். டிக்கெட் போடுகிற அண்ணன் பையை மாட்டிக்கொண்டே கேட்டார். "வீட்டு டூர் எந்த லட்சணத்துல இருக்கு?"

"பிரமாதமா இருக்குண்ணே. முதல் ஊர்ல நாத்தனாரைத் தொலைச்சிடுவேன். ரெண்டாவதுல மாமியாரை. மூணாவதுல வீட்டுக்காரரை. நாலாவது ஊர்ல நான் மட்டும் நிம்மதியாத் தூங்குவேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் முழுக்க விளையாட்டு என்று சொன்னால் அது பொய்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். அறையை உறுதி செய்கிற போனைக் கடைசி ஊரிலிருந்துதான் ஆரம்பிப்போம். அங்கே அறை இல்லையென்றால் முன்னால் இருக்கிற நாட்களை மாற்றிக்கொள்ளலாம். பயணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. 2.10க்கு கலங்கரை விளக்க விடுதிக்குப் போன் போட்டேன். கணவர் பெயரைச் சொல்லி, நாலு பேர் என்றேன்.

"அவங்க வந்துட்டுப் போயிட்டாங்களே மேடம்."

"யாரு?"

"ஒரு லேடி மட்டும்தான் வந்தாங்க. ஆனா நாலு படுக்கை போடச் சொன்னாங்க. காலையில பார்த்தா... நாலும் ஈரம்."

யாரையோ நினைத்துக்கொண்டு உளறுகிறான் என்று எரிச்சலோடு வைத்துவிட்டேன்.

2.17. படகு வீடு.

"ரெண்டு பேர் வந்தாங்களே மேடம். சாரும் அவர் வொய்ஃபும். 'அம்மா எங்கே, அம்மா எங்கே'ன்னு சார் ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தார். காலையில அவர் வொய்ஃப் மட்டும்தான் இறங்கினாங்க."

ஒன்று... இரண்டு... நான் சொன்ன வரிசை, பின்னாலிருந்து.

2.21. மலை உச்சி.

"மூணு பேர் மேடம். அதுல ஒருத்தர் வயசான அம்மா. மூக்குக் கண்ணாடி உடைஞ்சு நீல நூலால கட்டியிருந்தாங்க."

அப்பாடா என்றிருந்தது. அத்தையின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில்தான் பார்த்தேன். இது வேறு யாரோ. அப்படித்தான் இருக்க வேண்டும்.

2.26. கடற்கரை ஓட்டல்.

ஒரே மணியில் எடுத்தார்கள்.

அலைச் சத்தம். நாத்தனாரின் சிரிப்பு. தூரத்தில் அத்தை யாரையோ திட்டுகிறார். கணவர் இருமுகிறார்.

"ஹலோ?" என்றேன்.

ஒரு பெண் குரல்...

என் குரல்.

"நீ சொன்ன வரிசைதானே... ஞாபகம் இருக்கு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அந்தத் திட்டை நான் என்றைக்கும் கேட்டதில்லை. இவர்களைக் கரித்துக்கொட்டுவேன். ஆனால் இவர்களை விட்டால் எனக்கு யார்? எங்கேயும் அறை கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி டூரை ரத்து செய்தேன். "வேணும்னே பண்றே" என்றார் கணவர். அத்தை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை டிக்கெட் அண்ணனை விட்டு விசாரித்தேன். "நாலு இடத்துலயும் ரூம் தயாராத்தான் இருந்துச்சாம். சனிக்கிழமை உன்கிட்டேருந்து போனே வரலைங்கிறாங்க."

அந்த வாரமே கலங்கரை விளக்க விடுதியிலிருந்து என் பெயருக்குக் கூரியர் வந்தது. பழுப்பு உறை. 'தங்கள் அறையில் மறந்துவிட்டுச் சென்ற பொருள்' என்று ஒரு சீட்டு. உள்ளே கொஞ்சம் மணலும் ஒரு மூக்குக் கண்ணாடியும். காதில் மாட்டும் கம்பி ஒடிந்து, நீல நூலால் கட்டியிருந்தது.

கணவரிடம் காட்டினேன். "அம்மா கண்ணாடி அம்மா மூக்குலதான் இருக்கு. உனக்குப் பைத்தியமா?" என்றார். உண்மைதான். அத்தையின் கண்ணாடி முழுசாக இருந்தது. அந்த ஒரு தைரியத்தில்தான் நாலு மாதம் ஓட்டினேன்.

நேற்று சாயங்காலம் 6.40க்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன.

"உன் தயவு வேண்டாம். நானே புக் பண்ணிட்டேன்" என்றார் கணவர். அதே நாலு ஊர். வியாழக்கிழமை கிளம்புகிறோமாம்.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கண்ணாடியில் நீல நூல்.

"யார்... யார் அத்தை கட்டினது?"

"என்னடி கேள்வி இது? மத்தியானம் ரெண்டு பத்துக்கு வந்து நீதானே கட்டிக் குடுத்தே?"

மத்தியானம் நான் ஆபீசில் இருந்தேன்.