நெபெலுங் பூனையும் மில்காரர் சாம்ராஜும்

கோலார் தங்கவயலில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டி எடுத்த தங்கம் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் கொட்டி, மறு தட்டில் சாம்ராஜின் பூனையை உட்கார வைத்தால், பூனை இருக்கிற தட்டுதான் கீழே இறங்கும். சரி, இது கொஞ்சம் அதிகப்படிதான். பூனை மொத்தமே நாலரைக் கிலோ, அதிலும் பாதி முடி. ஆனால் சாம்ராஜைக் கேட்டிருந்தால் தராசே வேண்டாம் என்றிருப்பார்.

சாம்ராஜுக்கு அறுபத்தொரு வயது. சுரங்கத்தை மூடுகிறவரை மில்லில் வேலை பார்த்தார். மேலே வந்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிக்கிற இடம் அது. மூடிய பிறகு, ஊரிகம் ஸ்டேஷனில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வீட்டு கேட்டில் காவலாளியாக நின்றுவிட்டு இருட்டிய பிறகு திரும்புவதே பிழைப்பாகிவிட்டது. அங்கே எல்லாருக்கும் அவர் ‘செக்யூரிட்டி’. பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நாலாவது மாடி மேகனா ஒருத்திதான். கனடாவுக்குக் குடிபோனபோது அவள் தன் பூனை மிஷாவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மிஷா நெபெலுங் என்கிற சாதி. மழைமேகம் போலச் சாம்பல் நிறம், நுனியில் வெள்ளி பூத்த நடுத்தர நீள முடி, பச்சைக் கண். பார்க்கிறவர்கள் யாரும் அப்படியொரு பூனையை அதற்கு முன் பார்த்ததில்லை. குணமோ மகா கூச்சம். ஊர் மாறினால் ஒடுங்கிப் போகும். ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் அதற்கு நாற்காலி மேசைக்குச் சமம். மேகனா ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தாள்: சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள், வாரம் மூன்று தடவை சீவுங்கள், காதுக்குப் பின்னாலும் காலிடுக்கிலும் சிக்கு விழும், குளிப்பாட்டவே வேண்டாம், அது தன்னை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும்.

வந்ததிலிருந்து பதினோரு நாள் மிஷா கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியின் பின்னால் கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் சாம்ராஜ் தரையில் படுத்து அதனோடு பேசுவார். ரயிலில் சீட்டுப் பிடித்த சண்டை, கேட்டில் நின்று திட்டு வாங்கியது, இருபது வருஷமாக யாரும் கேட்காத கதையெல்லாம் சொல்வார். பன்னிரண்டாம் நாள் அது வெளியே வந்து அவர் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. அதன் பிறகு ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடும்.

தினமும் சீப்பும் கையுமாக அவர் உட்காருவதைப் பார்த்து மனைவி ஐடாவுக்குச் சிரிப்பு வரும்.

“கண்ணாலமாகி முப்பத்திரண்டு வருசம். என் தலைய ஒரு நாளாவது வாரி உட்டிருப்பீங்களா?”

“உனக்கு இதும்மாதிரி முடி எங்கடி கீது?”

“இருந்திச்சு. நீங்க தூங்கினு இருந்தீங்க.”

பிள்ளையில்லாத வீடு. அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். அரை விளையாட்டாக ஐடா திரும்பிக்கொள்வாள்.

போன ஆடியில் வந்தது வினை. சனிக்கிழமை காற்று பேயாக அடித்தது. அவர்கள் குடியிருந்த சுரங்க லைன் வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் சயனைடு மேட்டின், மில் கொட்டிவைத்த அந்தக் கழிவுக் குவியலின், மண் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. ஐடா துணி எடுக்கக் கதவைத் திறந்த நேரம் மிஷா வெளியே நழுவிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மூக்கு முதல் வால்வரை மாவில் புரட்டிய மாதிரி இருந்தது. வந்ததும் காலை நக்கத் தொடங்கியது.

சாம்ராஜ் பாய்ந்து அதன் காலைப் பிடித்தார். மில்லில் மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் எவனும் சோற்று டப்பாவைத் தொட மாட்டான். வீட்டுப் பின்வாசலில் எப்போதும் ஒரு வாளி பினாயில் தண்ணீர் இருக்கும். வேலை உடுப்பு அதில் முங்கின பிறகுதான் மற்ற துணியோடு சேரும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. மில்லை மூடி இருபத்தைந்து வருஷமாகியும் அவர் கை மறக்கவில்லை.

“பினாயில எடு ஐடா! நக்க உடாத, நக்க உடாத!”

“அந்தப் பொண்ணு குளிப்பாட்டவே வாணாம்னு எழுதிக்கீதே.”

“அந்தப் பொண்ணுக்கு பெங்களூர் தூசி தெரியும். சயனைடு தெரியுமா? நீ எடு!”

மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றிலும் கறுப்புப் பினாயில். அடர்ந்த உள்முடி அத்தனையையும் குடித்துக்கொண்டது. மிஷா அவரைப் பிறாண்டவில்லை, கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நடுங்கியது. விட்டதும் அடுப்போரம் போய்த் தன்னை நக்க ஆரம்பித்தது. இப்போது அவர் தடுக்கவில்லை. சுத்தமாகிவிட்டதே, நக்கட்டும் என்று பீடி பற்றவைத்தார்.

பொழுது சாயும்போது மிஷாவின் வாயில் எச்சில் வடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை. விரலில் பாலைத் தொட்டு உதட்டில் வைத்தார், உள்ளே இறங்கவில்லை. முதலில் நக்கின மண்தான் உள்ளே போயிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஐடா வாளியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வால்டர் எட்டிப் பார்த்து, “இன்னாண்ணே, மகாராணிக்கு மேலுக்கு முடியலயா?” என்றான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். கால்நடை டாக்டர் சுனிதா மிஷாவின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கெல்லாம் புண். உடம்பு சில்லென்றிருந்தது.

“இன்னா நக்குச்சுன்னு சரியா சொல்லுங்க சார். அது தெரிஞ்சாத்தான் வைத்தியம். இல்லேன்னா வெறும் டிரிப்தான் ஏத்த முடியும்.”

“சயனைடு மண்ணும்மா.”

“அப்படித் தெரியலயே, சயனைடு நாக்க இப்படிப் பொசுக்காது. மேல எதாச்சும் பூசுனீங்களா? மருந்து, எண்ணெய்?”

சாம்ராஜின் கை சட்டைப் பையிலிருந்த மேகனாவின் தாளைத் தொட்டது. அந்தப் பூனை கண் திறந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். அது மூடியே இருந்தது.

“ஒண்ணும் பூசல. நேத்து சும்மா தண்ணி ஊத்திக் கழுவுனேன். அவ்ளோதான்.”

டாக்டர் எழுதப் போனாள். சுவரோரம் நின்றிருந்த ஐடா முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து இல்லம்மா, சனிக்கெழம. தண்ணி இல்ல, கறுப்புப் பினாயிலு. அவரு மட்டும் இல்ல, நானுந்தான் ஊத்துனேன்.”