பழசாக்கும் மருந்து

போன வாரம் பழவேற்காட்டில் மும்தாஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். என் பள்ளித் தோழியின் தங்கை. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயம் உருக்கி இணைத்துப் படங்கள் செய்பவள். சர்ச் ஜன்னல்களில் பார்த்திருப்பீர்களே... ஸ்டெயின்டு கிளாஸ் — அதேதான்.

அன்று மேஜையில் ஒரு பாய்மரக் கப்பல். ஈயக் கோடுகள் வெள்ளி மாதிரி மின்னின. அவற்றைத் தேய்த்து, கழுவித் துடைத்தாள். கிளவுஸ் மாட்டிக்கொண்டு, பஞ்சில் ஏதோ மருந்தைத் தொட்டுத் தடவினாள். தடவத் தடவக் கோடு கருத்தது!

"இன்னாத்துக்குடி இதைப் போய் கருப்பாக்குற? பளபளன்னு நல்லாத்தானே இருக்கு?"

"கருப்பா இருந்தாதான் கலர் எடுப்பா தெரியும்க்கா. மெட்ராஸ்ல நான் சரக்கு குடுக்குற கடைக்காரரும் கருப்புதான் கேக்குறாரு."

பாதிக் கப்பல் கருத்திருந்தபோது வாசலில் ஒரு கார். சென்னையிலிருந்து ஒரு அம்மா. கண்ணாடி வேலை என்று விசாரித்ததும் பஸ் ஸ்டாண்டில் யாரோ இங்கே கைகாட்டியிருக்கிறார்கள். மொபைலில் ஒரு போட்டோ காட்டினார். அவர் வீட்டு ஹால். சுவரில் — இதே கப்பல்!

"டச்சுக்காரங்க காலத்து ஜன்னல்னு கடையில சொன்னாங்க. இந்த ஊர் பங்களாவுலதான் கழட்டினாங்களாம். அந்த பங்களாவைப் பார்க்கலாம்னு..."

பேச்சு நின்றது. மேஜையைப் பார்த்துவிட்டார்.

மும்தாஜ் எதையும் மறைக்கவில்லை. "அது நான் செஞ்சதும்மா. புதுசுனு சொல்லித்தான் கடைக்குக் குடுத்தேன்."

அந்த அம்மா கடைக்காரருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் குழைந்தது. "அய்யய்யோ மேடம்! அந்தப் பொண்ணு பழசுன்னு சொல்லித்தானே என்கிட்ட தந்துச்சு!"

"இன்னா சார், இப்டிப் பொய் சொல்றீங்க? கருப்பு பண்ணச் சொன்னதே நீங்கதானே?" மும்தாஜ் போன் பக்கம் குனிந்து கேட்டாள்.

லைன் கட்.

கோபம் யார் மேல் வர வேண்டும்? எதிரில் நின்றவள் மேல்தான் வந்தது. கடைக்காரர் சென்னையில் இருக்கிறார், மும்தாஜ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். பாதி கருத்த கப்பலையும் அவள் முகத்தையும் அந்த அம்மா வீடியோ எடுத்தார். "இப்படித்தான் பழசாக்கி ஏமாத்துறாங்க" என்று வர்ணனை வேறு.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"நீங்க யாரு? பார்ட்னரா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. மீஞ்சூரில் ஒரு புது வீட்டுக்காரர், கேட்டிருந்த ஜன்னல் வேண்டாம் என்றுவிட்டார். மும்தாஜ் அழவில்லை. "ஃப்ராடுனு பேர் வாங்கவா கையைச் சுட்டுக்கிட்டு இதைக் கத்துக்கிட்டேன்?" என்று மட்டும் கேட்டாள். 

நேற்று கடைக்காரர் அவளை போனில் கூப்பிட்டாராம். மன்னிப்புக் கேட்கத்தானே? அதுதான் இல்லை.

"மேடம் சமாதானமாயிட்டாங்கம்மா. கப்பலைத் திருப்பிக் குடுத்துட்டு, அந்தக் காலத்துப் பித்தளை விளக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க. இனிமே உங்க சரக்கு மட்டும் வேணாம். என் கடை பேர் கெட்டுடுது பாருங்க."

நல்லவேளை... அந்த விளக்கைச் செய்தவர் எந்த ஊர் என்று அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது!